ஆண்டுக்கு ஒரு முகாமா, ஆண்டு முழுவதும் ஓர் ஆளா? சிறு அறக்கட்டளையின் நோய்த்தடுப்பு நல்கை குறித்து ஆலோசனை வேண்டும்

ஆற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாட்டனார் தொடங்கிய குடும்ப அறக்கட்டளையின் செயலாளர் பொறுப்பு சென்ற ஆண்டு என் கைக்கு வந்தது. ஈரோட்டுக்கு அருகே விசைத்தறிக் கூலித் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் எங்களுடையது. பெரிய நிதி எதுவும் இல்லை. இரண்டு கடைகளின் வாடகையும் வைப்புத்தொகையின் வட்டியும்தான் வருமானம். அதில் பெரும்பகுதியை ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் முடிந்த கையோடு பள்ளி மைதானத்தில் ஒரு சர்க்கரை, இரத்தக் கொதிப்பு பரிசோதனை முகாம் நடத்திச் செலவிட்டு வருகிறோம்.

சென்ற முகாமில் பதிவு மேசையில் நான் உட்கார்ந்திருந்தபோது, ஏறத்தாழ ஐம்பத்தைந்து வயதுள்ள ஓர் அம்மா, குடும்ப அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு எங்கள் முகாமிலேயே கொடுத்த சீட்டு அது. சர்க்கரை 268 என்று எழுதி, அடியில் 'மருத்துவரைப் பார்க்கவும்' என்று முத்திரை குத்தியிருந்தது. "பார்த்தீர்களா அம்மா?" என்று கேட்டேன். "இதோ பார்க்கத்தானே தம்பி வந்திருக்கிறேன்" என்றார். எங்கள் முகாமில் எழுதிக் கொடுத்த சீட்டுக்கு எங்கள் அடுத்த முகாமே மருத்துவர் என்று அவர் ஓராண்டு காத்திருந்திருக்கிறார். அன்றைக்கு அவருக்கு 301 இருந்தது.

அன்றிலிருந்து இந்த முகாமினால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. அந்தப் பணத்தை வேறு எப்படிக் கொடுத்தால் நோய் வருவதையோ முற்றுவதையோ உண்மையில் தடுக்க முடியும்? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். இலவசம் என்றால் மதிப்பிருக்காது, தலைக்கு இருபது ரூபாயாவது வாங்க வேண்டும் என்கிறார் அறங்காவலர்களில் மூத்தவரான என் பெரியப்பா. இதிலும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

களத்திலிருந்து

தம்பி, பதினோரு ஆண்டுகள் கிராமங்களில் நலப்பணியாளராக இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த அம்மா கையில் சீட்டு வாங்கியதற்கும் வாயில் மாத்திரை போடுவதற்கும் நடுவில் எத்தனை படிகள் இருக்கின்றன என்பதை முகாம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளிகளைப் பார்ப்பது காலை வேளையில். தறிக்குப் போகிறவருக்கோ காட்டு வேலைக்குப் போகிறவருக்கோ அது ஒரு நாள் கூலி. முதல் நாள் போனால், மறுநாள் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். அது இரண்டாம் நாள் கூலி. மாத்திரையை எழுதிக் கொடுத்த பிறகு இரண்டு வாரம் தின்றுவிட்டு, மயக்கமோ கிறுகிறுப்போ வந்தால் தாமாகவே நிறுத்திவிடுவார்கள். ஏன் நிறுத்தினாய் என்று கேட்க வீட்டுக்கு ஓர் ஆள் வராவிட்டால் கதை அதோடு முடிந்தது.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு கொடையாளர் எங்கள் இருபது பேருக்கும் சர்க்கரை பார்க்கும் கருவி வாங்கிக் கொடுத்தார். கைதட்டலோடு விழா நடந்தது. அந்தக் கருவியில் செருகும் பரிசோதனைப் பட்டைகளோ மூன்றாம் மாதமே தீர்ந்துவிட்டன. கருவி ஒரு முறை வாங்குவது, பட்டை மாதாமாதம் வாங்குவது. மாதாமாதம் வருகிற செலவுக்கு நல்கை விண்ணப்பத்தில் இடமே இல்லை. இருபது கருவிகளும் உறையோடு அலமாரியில் இருந்தன. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

உங்களால் ஒரு செயலைத்தான் செய்ய முடியும் என்றால், கருவிக்கும் பந்தலுக்கும் கொடுக்காதீர்கள். நடந்து போகிற ஒருத்தியின் சம்பளத்துக்குக் கொடுங்கள். அதையும் ஓராண்டுக்கு என்று கொடுக்காதீர்கள்.

பொதுநல மருத்துவர்

மேலே சகோதரி எழுதியதை மருத்துவக் கோணத்திலிருந்து வழிமொழிகிறேன். சிகிச்சையோடு இணையாத பரிசோதனையைத் தடுப்பு மருத்துவம் என்று அழைப்பதே பிழை. நோயாளிக்கு ஓர் அச்சத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

இதற்கு மாறான ஒரு முன்மாதிரி நம் மாநிலத்திலேயே உண்டு. சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி அவர்களின் முயற்சியில், சென்னையைச் சேர்ந்த 'கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளை, நகருக்கு வெளியே ஏறத்தாழ 25,000 மக்கள் வாழும் கிராமப் பகுதியில் நடத்திய திட்டம் அது. அந்தந்த ஊர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து பயிற்றுவித்து, வீடுவீடாக அனுப்பினார்கள். சில கேள்விகள், இரத்த அழுத்தம், சிறுநீர்ப் பரிசோதனை, இவ்வளவுதான். சிறுநீரில் சர்க்கரையைப் பார்க்க, நம்மில் பலர் பள்ளி ஆய்வகத்தில் பயன்படுத்திய நீல நிற பெனடிக்ட் கரைசலே போதுமானதாக இருந்தது. புரதத்தைப் பார்க்க ஓர் அமிலக் கரைசலைச் சொட்டு விட்டுக் கலங்குகிறதா என்று பார்த்தார்கள். நோய் இருப்பது தெரிந்தவர்களுக்கு மிக மலிவான பழைய மருந்துகளைக் கொடுத்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2003-இல் வெளியான கணக்கின்படி, தலைக்கு ஆண்டுச் செலவு ஒரு டாலரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கொதிப்பு இருந்தவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு அது கட்டுக்குள் வந்தது. கெட்டுப்போன சிறுநீரகத்துக்கு வாழ்நாள் முழுவதும் டயாலிசிஸ் செய்ய ஆகும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்றைய நிலைமை அன்றைக்கு இருந்ததைவிட உங்களுக்குச் சாதகமானது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அரசே சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஆகவே மருந்துக்கு நீங்கள் ஒரு ரூபாயும் செலவிட வேண்டியதில்லை. உங்கள் முகாமில் கண்டுபிடித்தவரின் பெயர் அந்தத் திட்டத்தின் தன்னார்வலர் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா, ஏறியவர் மாத்திரையை விழுங்குகிறாரா, ஆறு மாதம் கழித்து எண் இறங்கியதா என்பதைப் பார்க்கும் ஆள்தான் இல்லை. அந்த இடைவெளிதான் உங்கள் அறக்கட்டளையின் அளவுக்குப் பொருந்துகிற வேலை.

ஐயவினா

மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். யாருடைய நல்லெண்ணத்தையும் நான் ஐயப்படவில்லை.

முதலாவது, நலப்பணி அரசின் கடமை. ஒரு தனியார் அறக்கட்டளை ஓர் ஊரில் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தால், அந்த ஊரில் காலியாகக் கிடக்கும் செவிலியர் பணியிடத்தை நிரப்ப வேண்டும் என்ற அழுத்தம் குறையும். பத்தாண்டு கழித்து அறக்கட்டளை கைகழுவினால் இரண்டும் இல்லாமல் போகும். இரண்டாவது, வராமல் போன நோயை எப்படி எண்ணுவீர்கள்? முகாமில் வந்து போனவர்களையாவது எண்ண முடிகிறது. மூன்றாவது, சான்று. வீட்டுக்குப் போய்ப் பேசுவதால் உயிர் பிழைக்கிறார்கள் என்று நிறுவிய ஆய்வு ஏதாவது இருக்கிறதா, அல்லது இது நம் அனைவருக்கும் பிடித்தமான ஒரு நம்பிக்கைதானா?

மலையகத்திலிருந்து

ஐயா அவர்கள் எழுப்பிய முதல் கேள்வி நூறாண்டுப் பழமையானது. அது எங்கள் மண்ணோடும் தொடர்புடையது என்பதால் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

1909-இல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிப்பதற்கென்று எண்ணெய்த் தொழிலதிபர் ஜான் டி. ராக்ஃபெல்லர் பத்து இலட்சம் டாலர் கொடுத்தார். ஐந்தாண்டுகள், பதினொரு மாநிலங்கள். இந்தப் புழுவின் இளம்பருவம் ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் ஏறி, குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சும். அதனால் சோகை பிடித்து வெளுத்துப்போன ஏழை மக்களைச் சோம்பேறிகள் என்று ஊரார் ஏசிக்கொண்டிருந்த காலம் அது. ஊரூராகச் சிகிச்சை நிலையங்களைத் திறந்து, தைமால் என்ற மருந்தைக் கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள்.

பிறகு அதே வேலையை வெளிநாடுகளுக்கும் கொண்டு சென்ற ராக்ஃபெல்லர் அறக்கட்டளையினர், 1916-இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். அங்கே கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட எங்கள் முன்னோர். சோதித்தவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு வயிற்றில் புழு இருந்தது. வரிசையில் நிற்க வைத்து மருந்து கொடுத்தார்கள், புழு போனது. போனவர்களுக்குச் சில மாதங்களில் மீண்டும் வந்தது. காரணம் எளியது. தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயன் அறைகளுக்குப் போதிய கழிப்பறை இல்லை, காலில் செருப்பில்லை, நடப்பதோ அதே மண். கழிப்பறை கட்டுவது தோட்ட நிர்வாகத்தின் செலவு என்பதால், அந்தச் செலவில் துரைமார் பலர் காட்டிய தயக்கம் மருந்தின் பலனைத் தின்றது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் ஒற்றை நோயைத் துரத்துவதை விட்டு, 1926-இல் களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. பிறப்பு, இறப்புப் பதிவு, தாய்சேய் நலம், குடிநீர், கழிப்பறை என்று ஒரு வட்டாரத்தின் தடுப்புப் பணிகள் அனைத்தையும் ஒரே கூரையின் கீழ், அங்கேயே தங்கிப் பணியாற்றும் ஊழியர்களைக் கொண்டு நடத்தினார்கள். தீவின் பிற பகுதிகளிலும் அரசு சுகாதாரப் பிரிவுகளைத் தொடங்குவதற்கு அது வழிகாட்டியது.

இதில் நான் எடுத்துக்கொள்வது, கொடையாளர் பணத்தில் வைத்த ஆள் அரசின் ஆளாக மாறுவதற்கு வழி உண்டு என்பதும், அந்த வழியை முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பதும்தான். அந்த அறக்கட்டளையின் நல்கைகளில் பல, உள்ளூர் அரசும் பங்கு போட வேண்டும், அறக்கட்டளையின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு குறையும் என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்டவை. ராக்ஃபெல்லர் பணத்தைப் பற்றி எனக்கு வேறு மனக்குறைகள் உண்டு. தோட்டத் தொழிலாளியின் உழைப்புத் திறனைக் கூட்டுவதுதான் துரைமாரின் கண்ணில் முதன்மையாக இருந்தது; அவருடைய நலம் அதற்குப் பிறகுதான். ஆனாலும் அந்த நிபந்தனையை மட்டும் நான் மதிக்கிறேன்.

களத்திலிருந்து

ஐயவினா அவர்களின் மூன்றாம் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கிறது. மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இணையர் செய்த வேலையைப் பார்க்க வேண்டுகிறேன். 39 கிராமங்களில், அந்தந்த ஊர்ப் பெண் ஒருவரைப் பயிற்றுவித்து, பிரசவத்தின்போதும் அதற்குப் பின்னும் வீட்டுக்கே போய்ப் பச்சிளங் குழந்தையைப் பார்க்கச் செய்தார்கள். 1993–95-இல் அந்த ஊர்களில் ஆயிரம் குழந்தைகளுக்கு 62 குழந்தைகள் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்துகொண்டிருந்தன. மூன்றாம் ஆண்டில், அதாவது 1997–98-இல், அது ஏறத்தாழ 25 ஆகக் குறைந்தது. ஒப்பீட்டுக்கு வைத்திருந்த மற்ற கிராமங்களில் அப்படிக் குறையவில்லை. முடிவுகள் 1999-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தன. 2011-இல் இந்திய அரசே இந்த முறையை ஆஷா எனப்படும் ஊர்ப்புறப் பெண் நலப்பணியாளர்கள் வழியாக நாடெங்கும் கொண்டுசென்றது. அறக்கட்டளைகளின் பணத்தில் தொடங்கிய வேலை அரசின் வேலையானதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அங்கே பயன்படுத்திய ஒரு கருவியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைக்கு நிமோனியா இருக்கிறதா என்று அறிய, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிகளுக்கு அறுபது வரை எண்ணுவது கடினம். அதனால் ஒரு நிமிடத்தில் வடிகிற மணற்கடிகை ஒன்றையும் நகர்த்துகிற மணிகளையும் ஒரே சட்டத்தில் பொருத்திக் கொடுத்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் வடிவதற்குள் கடைசி மணி வரை போய்விட்டால் குழந்தைக்கு மருந்து தேவை. கைவிரல்களால் பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும். யாருக்காகச் செய்கிறோம் என்பதை அருகில் உட்கார்ந்து பார்த்தவர்களால்தான் இப்படி ஒன்றைச் செய்ய முடியும்.

பொதுநல மருத்துவர்

சான்று வரிசையில் திண்டுக்கல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்பிளிக்கையில் உள்ள ஒரு கிராமப்புற மருத்துவ மையமும் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பாய்வு அது. கேட்ஸ் அறக்கட்டளையின் நல்கையில் நடந்தது. கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறுபட்ட திசு வெண்மையாகத் தெரியும். வீட்டுச் சமையலுக்குப் பயன்படும் வினிகரில் இருப்பது அதே அமிலம்தான். பயிற்சி பெற்ற செவிலியரே அதைப் பார்த்தார். தேவைப்பட்டவர்களுக்கு, அந்தத் திசுவைக் கடுங்குளிரால் உறைய வைத்து அழிக்கும் உறைநிலைச் சிகிச்சையையும் செய்தார். 2007-இல் வெளியான முடிவின்படி, பரிசோதனை தரப்பட்ட ஊர்களில் அந்தப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் நேர்ந்த மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. பரிசோதனையும் சிகிச்சையும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஊரில் என்று வைத்திருந்தால் இந்தப் பலன் கிடைத்திருக்காது என்பது என் துணிபு.

இதே ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவில் இருந்த பெண்களுக்குப் பரிசோதனை தரப்படாமல் விடப்பட்டது பின்னாளில் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. அந்த விமர்சனம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். நல்கை கொடுப்பவர்கள் தங்கள் பணத்தில் நடக்கும் ஆய்வின் இந்தப் பக்கத்தையும் கேட்டறிய வேண்டும்.

பேரேடு

தணிக்கைத் துறையில் இருப்பவன் என்ற முறையில் பண விஷயத்தை மட்டும் பேசுகிறேன். பந்தலுக்கும் கருவிக்கும் பணம் எளிதாகப் போவதற்குக் காரணம் மனம் மட்டுமல்ல, கணக்கும்தான். கருவிக்கு ஒரு ரசீது உண்டு, புகைப்படம் உண்டு, மார்ச் 31-க்குள் முடிந்துவிடும். ஓர் ஆளின் நடைக்கு இவை எதுவும் இல்லை.

நிறுமச் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதற்கான ஏழாம் அட்டவணையில் தடுப்பு மருத்துவம் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. ஆண்டு முடிவதற்குள் பணத்தைத் தீர்க்கும் பதற்றத்தில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் முகாம்கள் குவிவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். தொடங்கிய ஆண்டுக்குப் பின் மேலும் மூன்று ஆண்டுகள் வரை நீளும் தொடர்திட்டமாக அறிவித்தால், செலவாகாத தொகையைத் தனிக் கணக்கில் வைத்துச் செலவிடலாம். அந்த வழியைப் பயன்படுத்துவோர் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

உங்களுடையது நிறுவனம் அன்று, குடும்ப அறக்கட்டளை. வருமானத்தில் 85 விழுக்காட்டை அந்தந்த ஆண்டே செலவிட வேண்டும் என்ற வரிச் சட்ட விதி உங்களைக் கட்டும். எனினும் குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று முன்கூட்டியே தெரிவித்து ஐந்தாண்டு வரை பணத்தை ஒதுக்கி வைக்க வழி இருக்கிறது. உங்கள் தணிக்கையாளரிடம் இந்த ஆண்டே கேளுங்கள். முக்கியமான ஒன்று, வீடுவீடாகப் போகும் பணியாளரின் சம்பளத்தை நிர்வாகச் செலவு என்ற தலைப்பில் எழுதாதீர்கள். அதுதான் திட்டம். அந்தத் தலைப்பில் எழுதியதால்தான் பல இடங்களில் முதலில் வெட்டப்படுவது அந்தச் சம்பளமாக இருக்கிறது.

ஐயவினா

கட்சிரோலி, திண்டுக்கல் சான்றுகளை ஏற்கிறேன். என் முதல் கேள்விக்கு மலையக நண்பர் தந்த விடையும், பங்கு குறைந்துகொண்டே வரும் ஒப்பந்தம் என்ற யோசனையும் எனக்கு நிறைவளிக்கின்றன. இரண்டாம் கேள்வி, அதாவது எதை எண்ணுவது என்பது, இன்னும் திறந்தே இருக்கிறது. வந்தவர் எண்ணிக்கையை விட்டுவிட்டு, 'கட்டுக்குள் இருப்பவர் எத்தனை பேர்' என்ற ஒரே எண்ணை ஆறு மாதத்துக்கு ஒரு முறை எண்ணினால் ஓரளவு விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

இருபது ரூபாய்க் கட்டணம் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நானே எழுதுகிறேன். கென்யாவில் கருவுற்ற பெண்களுக்குக் கொசுவலையை இலவசமாகவும் வெவ்வேறு விலைகளிலும் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. இலவசத்திலிருந்து 60 அமெரிக்க சென்ட் என்ற சிறு விலைக்குப் போனதும் வலை வாங்குவோரின் பங்கு 60 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் அதிகமாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை. இராசத்தானின் உதய்பூரில் சேவா மந்திர் நிறுவனம் இதற்கு நேர்மாறாகச் செய்தது. தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் தாய்க்கு ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடிந்ததும் உலோகத் தட்டுகள். முறையான முகாம் எதுவும் இல்லாத ஊர்களில் 6 விழுக்காடு குழந்தைகளுக்குத்தான் ஊசி முழுமையாகப் போடப்பட்டிருந்தது. தவறாமல் முகாம் நடந்த ஊர்களில் 18, முகாமோடு பருப்பும் கொடுத்த ஊர்களில் 39. பருப்பு கொடுத்தபோது ஒரு குழந்தைக்கான செலவு கூடவில்லை, ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. செவிலியர் எப்படியும் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். வருகிறவர் கூடினால் தலைக்குச் செலவு குறைகிறது. உங்கள் பெரியப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஆற்றங்கரை

நேற்று அறங்காவலர் கூட்டம் முடிந்தது. உங்கள் பதிவுகளை அச்செடுத்துக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன்.

முகாமை அடியோடு நிறுத்தப் பெரியவர்கள் ஒப்பவில்லை. பாட்டனாரின் நினைவு நாளோடு சேர்ந்த வழக்கம் என்பதால் நானும் வற்புறுத்தவில்லை. பந்தல், பேனர், விருந்தினர் சாப்பாடு ஆகியவற்றை நிறுத்தி, துணை சுகாதார நிலைய வளாகத்திலேயே எளிமையாக நடத்துவது என்று முடிவானது. மிச்சமாகும் பணத்தில் உள்ளூர்ப் பெண்கள் இருவரை ஐந்தாண்டுக்கு நியமிக்கிறோம். பட்டைகளுக்கு மாதாந்தர ஒதுக்கீடு தனி வரியாக எழுதப்பட்டுவிட்டது, அக்கா. கட்டணம் இல்லை. பெரியப்பாவை அசைத்தது ஆய்வு அன்று, பருப்புக் கணக்கு. வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்ற பிறகே தொடங்க வேண்டும் என்று அவரே ஒரு நிபந்தனை சேர்த்தார். அது மலையக ஐயா எழுதியதற்கு ஒத்து வருகிறது. தொடர்திட்டத்துக்கான ஒதுக்கீடு பற்றித் தணிக்கையாளரிடம் அடுத்த வாரம் பேசுகிறோம்.

சீட்டுக்குப் பதிலாக இனி ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம். சென்ற மூன்று முகாம்களின் பதிவேடுகளை எடுத்து, சர்க்கரையோ கொதிப்போ மிகுந்திருந்தவர்களின் பெயர்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேருக்குத் தெருப் பெயர்கூட எழுதப்படவில்லை. 'மாரியம்மாள், விசைத்தறி' என்று மட்டும் இருக்கிறது. 301 இருந்த அம்மாவின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில், அவர் தறிக்குக் கிளம்புவதற்கு முன், பணியாளர் இருவரையும் முதலில் அங்கேதான் அழைத்துப் போகிறேன்.